நோயற்ற நாளின் கடமை

டோர்வல் நகரில் ஐம்பது வயது நிறைந்த பெண்ணின் முகவரிக்கு, அவள் மனு எழுதாமலே, எந்த உத்தியோகத்தரின் வாசலிலும் காத்து நில்லாமலே, கியூபெக் மாகாணத்தின் சுகாதார ஏற்பாட்டிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. மார்பகத்தைக் கதிர்ப்படம் எடுத்துப் புற்றுநோய் உண்டா என்று பார்த்துக்கொள்ளும்படி அழைக்கின்ற அந்தக் கடிதம் வெறும் அழைப்பு அன்று. வைத்தியர் எழுதித் தரும் சீட்டுக்குரிய அதிகாரம் அதற்கே உண்டு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நியமிக்கப்பட்ட நிலையத்துக்குச் சென்றால், குடும்ப வைத்தியர் எவரும் அமையாத பெண்ணுக்குங்கூட, மெடிகேர் கார்டைத் தவிர வேறொன்றும் கேளாமல் படம் எடுத்துப் பார்ப்பார்கள். 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்த ஏற்பாடு, இரண்டாண்டுக்கு ஒரு முறை என்ற ஒழுங்கில் 69 வயது வரையில் நடந்துவந்து, அண்மையில் 74 வயது வரைக்கும் விரிக்கப்பட்டிருக்கிறது. இத்துணைச் சௌகரியத்தோடு வாசலுக்கு வந்து சேரும் கடிதம், பிரெஞ்சு மொழியில் இருக்கிறதென்பதாலோ, அரசாங்கத்து உறை என்றாலே மனத்தில் எழும் அச்சத்தாலோ, நம் தமிழ் வீடுகள் பலவற்றில் விளம்பரத் தாள்களுக்கு நடுவே பிரிக்கப்படாமல் கிடக்கிறது என்பதை மிகுந்த வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரிக்காமல் விடுவதற்கு மொழி மட்டும் காரணமன்று. "வருத்தம் ஒன்றும் இல்லையே, பிறகு எதற்கு டொக்டர்?" என்ற கேள்வி நம்மவரிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவருவது. வலி வந்தால் வைத்தியரைத் தேடுவது, வலி தீர்ந்தால் அவரை மறப்பது என்பதே ஊரில் நமக்குப் பழகிய சம்பிரதாயம். ஆனால் இன்று நம்மை மிகுதியாக வீழ்த்துகின்ற வியாதிகள், வலியை முன்னே அனுப்பித் தம் வரவைத் தெரிவிப்பவை அல்ல. உயர்ந்த இரத்த அழுத்தம், ஆண்டுக்கணக்கில் ஓர் அடையாளமும் காட்டாமலே, மூளையின் நாளங்களையும் சிறுநீரகங்களையும் பழுதாக்குகிறது. நீரிழிவு, தாகமாகவும் களைப்பாகவும் வெளிப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே கண்ணிலும் காலிலும் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு தசை வளர்ச்சி புற்றாக முதிர்வதற்குப் பெரும்பாலும் பத்தாண்டு அளவு பிடிக்கிறது. அந்தப் பத்தாண்டும் அதை உடையவர் உண்டு, உறங்கி, உழைத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆகையால் உடம்பில் ஒரு குறையும் தோன்றாத நாளே பரிசோதனைக்குரிய நாள். அந்த நாளில், நம் வயதுக்கும், ஆண் பெண் என்ற வேறுபாட்டுக்கும், குடும்பத்தின் நோய் வரலாற்றுக்கும் ஏற்றவை என்று ஆராய்ந்து நிறுவப்பட்ட சில பரிசோதனைகளை, அவற்றை மட்டும், காலந்தவறாமல் செய்துகொண்டு, அவற்றின் முடிவு காட்டும் காரியத்தைக் கடைசி வரையில் கொண்டு செலுத்துவது நம்மில் ஒவ்வொருவருக்கும் கடமை என்பதே நான் இங்கே வற்புறுத்த விரும்புவது.

இந்தக் கடமையின் நியாயம் நமக்கு விளங்காத ஒன்றன்று. கியூபெக்கில் பிறக்கும் குழந்தைக்கு வைத்தியசாலையிலேயே குதிகாலில் குத்திச் சில துளி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அதன் பின்னர், பிறந்த 21ஆம் நாளில், குழந்தையின் சிறுநீரைப் பெற்றோரே ஒற்றுத்தாளில் ஏற்று, உலர்த்தி, உறையிலிட்டு, ஷெர்புரூக் நகரத்துக்குத் தபாலில் அனுப்பும்படி ஏற்பாடு இருக்கிறது. பிரசவித்த உடம்பு தேறாமல், இரவு உறக்கம் இல்லாமல், பத்தியச் சாப்பாட்டில் இருக்கும் தமிழ்த் தாய்மார் அந்த நாளை விரல்விட்டு எண்ணியிருந்து அந்த உறையை அனுப்புகிறார்கள். குழந்தைக்கு நோய் உண்டு என்று கருதியா அனுப்புகிறார்கள்? அன்று. இல்லை என்று தெளிவதற்கும், ஒருவேளை இருக்குமாயின் அதை அடையாளம் தோன்றுவதற்கு முன்பே அறிந்து காப்பதற்குமே அனுப்புகிறார்கள். பிள்ளையின் தேகத்துக்கு இவ்வளவு தெளிவாக விளங்கிய நியாயம், அதே தாய்க்கு ஐம்பது வயதாகித் தன் பெயருக்கே கடிதம் வரும்போது விளங்காமற் போவானேன்? தன்னைப் பேணிக்கொள்வதைத் தன்னலமென்று எண்ணி ஒதுக்கிவிடும் மனோபாவத்தையே இதற்குக் காரணமாக நான் காண்கிறேன். தாய் படுக்கையில் விழுந்த வீட்டில் பிள்ளைகளின் படிப்பும், கணவனின் வேலையும், வீட்டுக் கடனும் எவ்வாறு ஒருங்கே ஆட்டம் காண்கின்றன என்பதைக் கண்டவர்கள், தாய் தன் உடம்பைப் பேணுவதைத் தன்னலம் என்று ஒருபோதும் சொல்லமாட்டார்கள்.

நோய் வருமுன் காக்கும் எண்ணத்தை ஒரு நாட்டின் கொள்கையாக உயர்த்தியதில், நாம் குடியிருக்கும் இந்தப் பகுதிக்கே சிறப்பான பங்கு உண்டு. டோர்வலின் கரையைத் தொடும் சென்-லூயி ஏரியின் மேற்கெல்லையில் உள்ள ஈல்-பெரோவில் பிறந்தவர் மார்க் லலோண்ட். அவர் கனடாவின் சுகாதார அமைச்சராக இருந்தபோது 1974இல் வெளியிட்ட அறிக்கை, மக்களின் ஆரோக்கியம் வைத்தியசாலைகளால் மட்டும் அமைவதன்று, பிறவி இயல்பு, சுற்றுப்புறம், வாழும் முறை, வைத்திய ஏற்பாடு ஆகிய நான்கும் சேர்ந்தே அதை அமைக்கின்றன என்று உலகத்துக்கு எடுத்துரைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1976இல், மாகாணங்களின் சுகாதாரத் துணை அமைச்சர்கள் கூடி ஒரு குழுவை நியமித்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வால்டர் ஸ்பிட்ஸர். சுகமாயிருப்பவரை ஆண்டுதோறும் தலைமுதல் கால்வரையில் பரிசோதிக்கும் வழக்கத்தால் மெய்யாகவே பயன் உண்டா என்பதை ஆராய்ந்த அந்தக் குழு, 1979இல் தந்த அறிக்கையில், அந்த வழக்கத்தைக் கைவிட்டு, அந்தந்த வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப, பயன் தருமென்று சான்று உள்ள பரிசோதனைகளை மட்டும் தேர்ந்து செய்ய வேண்டும் என்று துணிந்து கூறிற்று. ஒவ்வொரு பரிசோதனைக்கும் சான்றின் வலிமையை அளந்து தரம் குறித்த அதன் முறை, பிற்காலத்தில் பிற நாடுகளும் கைக்கொண்ட வழியாயிற்று.

டோர்வல்வாசிகளுக்கு இதன் பொருளை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1941இல் திறக்கப்பட்டு இன்று பியர் எலியட் ட்ரூடோவின் பெயரைத் தாங்கி நிற்கும் விமான நிலையம் நம் ஊரின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. நம்மவர் பலருக்குச் சோறு போடுவதும் அதுவே. அங்கே விமானம் பழுதுபட்ட பின்னர் அதைப் பரிசோதிக்கலாம் என்று எவரும் காத்திருப்பதில்லை. அது நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் காலத்திலேயே, குறித்த தவணையில் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஆயினும் ஒவ்வொரு நாளும் அதை ஆணி ஆணியாகக் கழற்றுவாரும் இல்லை. எந்த உறுப்பை எத்தனை மணிப் பறப்புக்கு ஒரு முறை பார்ப்பது என்று அனுபவத்தாலும் ஆராய்ச்சியாலும் வகுத்த அட்டவணை ஒன்று இருக்கிறது. அந்த அட்டவணைக்குக் குறைவாகச் செய்வது அலட்சியம். அளவு கடந்து செய்வது வீண் பிரயாசை. மனித தேகத்துக்கும் இத்தகைய அட்டவணை ஒன்று உண்டு என்பதே ஸ்பிட்ஸர் குழு காட்டிய உண்மை.

அளவு கடந்த பரிசோதனையைப் பற்றியும் சொல்வதற்குக் காரணம், நம்மிடையே அலட்சியத்தோடு கூட, அதற்கு நேர் எதிரான இன்னொரு வழக்கமும் வேரூன்றிவருவதே. விடுமுறைக்குச் சென்னைக்கோ கொழும்புக்கோ செல்கிறவர்கள், கல்யாணப் புடவை எடுப்பதற்கும் கோயில்களுக்குப் போவதற்கும் நடுவில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, "மாஸ்டர் செக்கப்" என்று பெயரிட்ட பரிசோதனைத் தொகுதி ஒன்றைப் பணம் கட்டிச் செய்துகொண்டு வருகிறார்கள். பல பக்கங்கள் கொண்ட அந்த அறிக்கை பெட்டியிலே மொன்றியல் வந்து சேர்ந்து, அலமாரியிலே ஓய்வெடுக்கிறது. இங்கே உள்ள வைத்தியர் கண்ணில் அது படுவதில்லை. எல்லாம் பார்த்தாகிவிட்டது என்ற திருப்தியால், இங்கே செய்துகொள்ள வேண்டியவையும் கைவிடப்படுகின்றன. இப்படிப்பட்ட பொதுப் பரிசோதனைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த கோக்ரேன் அமைப்பு, 2012இலும், திரும்ப 2019இலும், அவற்றால் இறப்பு குறைந்ததாகக் காணப்படவில்லை என்ற முடிவுக்கே வந்தது. தென் கொரியாவில் மற்றப் புற்றுநோய்ப் பரிசோதனைகளோடு கழுத்தில் உள்ள தைராய்டுச் சுரப்பியையும் ஸ்கேன் செய்து பார்க்கும் வழக்கம் பரவியபோது, 1993ஆம் ஆண்டைவிட 2011இல் தைராய்டுப் புற்றுநோய் பதினைந்து மடங்கு கண்டுபிடிக்கப்பட்டது. அந்நோயால் இறந்தவர் தொகையோ குறையவில்லை. வாழ்நாள் முழுதும் தீங்கு செய்யாமலே இருந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காக எண்ணற்றவர் சுரப்பியை இழந்து, ஆயுள் உள்ள வரையில் மாத்திரை விழுங்குபவர்களாயினர். பரிசோதனையும் மருந்தைப் போன்றே அளவறிந்து கொள்ள வேண்டியது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் நமக்கு உரியவை எவை? வயது வந்த எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுதல். நாற்பது வயது முதல், நமக்கோ அதற்கும் முன்பே, மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும் இரத்தச் சர்க்கரை பார்த்தல், அதனோடு கொழுப்பின் அளவையும் வைத்தியர் சொல்லும் தவணையில் அறிதல். ஐம்பது முதல் 74 வரையில் இரண்டாண்டுக்கு ஒரு முறை மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருக்கிறதா என்று அறியும் சோதனை. பெண்களுக்கு மார்பகப் படமும் கருப்பைவாய்ச் சோதனையும். நெடுங்காலம் மிகுதியாகப் புகைபிடித்தவர்களுக்கு நுரையீரல் ஸ்கேன் வேண்டுமா என்று வைத்தியரிடம் விசாரித்தல். 65 வயதைக் கடந்த ஆண்களுக்கு வயிற்றுப் பெருநாளத்தை ஒரே ஒரு முறை ஸ்கேன் செய்து பார்த்தல். ஆண்களிடையே மிகவும் பேசப்படும் புரோஸ்டேட் இரத்தப் பரிசோதனையை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதைக் கனடிய நிபுணர் குழு 2014இல் ஆதரிக்கவில்லை. அதைப் பற்றி வைத்தியரோடு கலந்து பேசி முடிவு செய்வதே விவேகம். கணக்கிட்டுப் பார்த்தால், ஓராண்டில் இவற்றுக்குச் செலவாவது சில மணி நேரமே.

இவற்றுள் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தமிழர் தனிக் கவலையோடு நோக்க வேண்டும். கனடாவின் நீரிழிவு வழிகாட்டிகள் தென்னாசிய வமிசத்தாரை நோய் வரும் வாய்ப்பு மிக்கவர்களாகவே வகைப்படுத்துகின்றன. மெலிந்த கையும் காலும் சற்றே பருத்த வயிறும் கொண்ட நம் தேக அமைப்பு, தராசில் அதிக நிறை காட்டாமலே நீரிழிவுக்கு இடம் கொடுப்பது. அதனாலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல், ஆசியர்களுக்கு உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 23ஐ எட்டும்போதே எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்று தெரிவித்தனர். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்திய நிலையும் இருப்பதாக 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஹாமில்ட்டன் நகரத்து மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த மாரடைப்பு ஆய்வில், தென்னாசிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53 என்றும், மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59 என்றும் கண்டார்கள். ஆறு ஆண்டு முந்தி வருகின்ற ஆபத்துக்கு ஆறு ஆண்டு முந்தியே ஆயத்தமாக வேண்டாமா? அறிந்துகொள்வதால் பயனுண்டு என்பதற்கும் நம்மிடத்திலேயே சான்று இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவுக்கு முந்திய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் உணவையும் நடையையும் திருத்திக்கொண்டதனால் மட்டுமே நோய் முற்றும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அந்த நிலையைக் காட்டுவது இரத்தப் பரிசோதனை ஒன்றே. உடம்பு தானாக அதைச் சொல்வதில்லை.

பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த நோயைத் தடுக்கும் கலையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களுக்கும் மொன்றியல் நகரத்துப் பெண்களுக்கும் ஒருங்கே இடம் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தின் கிராமங்களில் 2000 முதல் 2003 வரையில், முப்பது முதல் 59 வயது வரையில் உள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் வெளுக்கிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்கும் மிக எளிய பரிசோதனையைச் செய்து, தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே சிகிச்சையும் அளித்தனர். விலையுயர்ந்த கருவியோ பெரிய வைத்தியசாலையோ இல்லாத இந்த முயற்சியால், பரிசோதனை நடைபெற்ற ஊர்களில் அந்நோயால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் வெளியான முடிவு உலகத்துக்குக் காட்டிற்று. அதே ஆண்டில், மொன்றியலிலும் நியூபவுண்லாந்தின் சென் ஜோன்ஸிலும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் மக்கில் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வின் முடிவும் வெளிவந்தது: நெடுங்காலம் வழக்கில் இருந்த பாப் பரிசோதனை, புற்றுக்கு முந்திய மாறுதல்களில் நூற்றுக்கு 55 அளவையே பிடித்தது, அந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தேடும் பரிசோதனையோ நூற்றுக்கு 95 அளவைப் பிடித்தது. கியூபெக் இன்று பாப் பரிசோதனையை விட்டு எச்.பி.வி. பரிசோதனைக்கு மாறிவருவதற்கு அடிப்படையான சான்றுகளுள் இதுவும் ஒன்று.

திண்டுக்கல்லின் ஏழைப் பெண்கள், கூச்சத்தையும் ஊராரின் பேச்சையும் கடந்து முன்வந்து, உலகத்துக்கே ஓர் உண்மையை நிறுவிக் கொடுத்தார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு வசதி வாய்ந்த நாம், அதே பரிசோதனையின் மேம்பட்ட வடிவம் பக்கத்து வைத்தியநிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது கூச்சத்தைக் காரணம் காட்டுவது தகுமா? இலங்கையில் "சுகவனிதையர் கிளினிக்" என்ற ஏற்பாடு 1996இல் தொடங்கிற்று. 1983ஆம் ஆண்டின் கொடுமைக்குப் பின் புறப்பட்டு வந்த நம் பெண்களுள் மிகப் பலர் அதற்கு முன்பே தாயகத்தை விட்டவர்கள். ஆகையால் சுகமாயிருக்கும் பெண் பரிசோதனைக்குப் போவது என்ற பழக்கமே அவர்களுக்கு அங்கே வாய்க்கவில்லை. அது அவர்கள் குற்றமன்று. ஆனால் இந்நாட்டில் வளர்ந்த அவர்களுடைய மகள்மார் அதை அறிவார்கள். "அம்மா, பெண் வைத்தியர் இருக்கிறார், நானும் கூட வருகிறேன், வாங்கோ" என்று ஒரு மகள் சொல்லும் வார்த்தைக்கு உள்ள வலிமை எந்த அரசாங்கக் கடிதத்துக்கும் இல்லை. பெண் வைத்தியரோ பெண் செவிலியரோ வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்படுவதற்கும் ஒன்றுமில்லை. பெருங்குடல் பரிசோதனையைப் பற்றியும் இதையே சொல்வேன். கழிவறையிலே தனியாக இருந்து, ஒரு சிறு குச்சியால் மாதிரி எடுத்துக் குப்பியில் இட்டு ஒப்படைப்பதுதான் அது. அருவருப்பு என்று முகம் சுளித்து அதை ஒதுக்கிவிடுபவர், பின்னொரு காலத்தில் குடலை அறுத்து வயிற்றில் துவாரமிட்டுப் பையைக் கட்டிக்கொண்டு வாழும் நிலையை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக.

இவ்வளவும் சொன்ன பின், நம்மவரை மட்டும் கடிந்துகொண்டு நிறுத்துவது நீதியாகாது. அவர்களுக்கு முன்னே உண்மையான தடைகளும் நிற்கின்றன. கியூபெக்கில் குடும்ப வைத்தியர் கிடைப்பது எளிதன்று. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர். அப்படிப்பட்டவர்கள், 2022இல் ஏற்படுத்தப்பட்ட முதல்நிலைச் சேவை வாயிலை 811 என்ற தொலைபேசி எண்ணின் வழியாக அணுகி, தம் வயதுக்குரிய பரிசோதனைகளைக் கேட்டுப் பெறலாம் என்பதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள். வைத்தியர் அமையும் வரையில் பரிசோதனையை ஒத்திவைக்க வேண்டியதில்லை. மருந்துக்கடையில் மருந்து வாங்கப் போகும்போதே இரத்த அழுத்தத்தைப் பார்த்து, நாளும் அளவும் குறித்து வைத்துக்கொள்ளலாம். மொழி அடுத்த தடை. பொது வைத்தியசாலைகளிலும் சி.எல்.எஸ்.சி. என்ற சமூக சுகாதார நிலையங்களிலும் நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தித் தாயின் அந்தரங்க நோயைப் பிரெஞ்சில் சொல்லவைக்கும் அவலம் நம் சமூகத்திலிருந்து அடியோடு நீங்க வேண்டும்.

மூன்றாவது தடை, உழைப்பாளியின் நேரம். விமான நிலையத்தைச் சுற்றியும் கோட்-டி-லியெஸ் பெருவீதியை ஒட்டியும் உள்ள தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் முறை மாறி இரவு பகலாக வேலை செய்கின்ற நம்மவருக்கு, வைத்தியநிலையம் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஒன்று வேலை நேரம், அல்லது உறங்கும் நேரம். மாகாணச் சட்டம் 2019 முதல், நோய்க்கும் குடும்பப் பொறுப்புக்குமாக ஆண்டில் இரண்டு நாள் ஊதியத்தோடு விடுப்பு அளிக்கிறது. நோயாளி ஆனபின் இளைப்பாறுவதற்கு ஊதியம் உண்டு என்றால், நோயாளி ஆகாமல் இருப்பதற்காகப் போகும் அரை நாளுக்கு ஏன் இருக்கலாகாது? இரண்டாண்டுக்கு ஒரு முறை அரை நாள் விடுவதால் எந்த முதலாளியும் நஷ்டப்படப் போவதில்லை. ஐம்பத்து மூன்று வயதில் தேர்ந்த தொழிலாளி ஒருவனை மாரடைப்புக்கு இழப்பதே நஷ்டம். வேலை அளிப்போர் இதைத் தாமாகச் செய்ய முன்வராவிடில், சட்டமே செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சூப்பர் விசாவில் வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் முதியவர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மெடிகேர் கார்டு அவர்களுக்கு இல்லை. விசாவுக்காக எடுக்கும் ஒரு லட்சம் டாலர் காப்பீடு, திடீர் நோய்க்கும் விபத்துக்குமே உரியது, இத்தகைய பரிசோதனைகளுக்கு அன்று. ஆகவே அவர்களைப் பொறுத்தவரையில், யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ விமானம் ஏறுவதற்கு முன்பே வயதுக்குரிய பரிசோதனைகளை முடித்து, முடிவுகளையும் மருந்துப் பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக் கைப்பையிலே கொண்டு வரச் செய்வது பிள்ளைகளின் பொறுப்பு. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் ஊழியர் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வாசலில் வந்து நிற்பவரை "இப்போது வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று, தொலைபேசியில் பேசும்போது தாய் தந்தையரிடம் சொல்லிவைப்போமாக.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. அழைப்புக் கடிதத்தோடு, அதன் சாரத்தைப் பல மொழிகளில் இரண்டு வரியாகத் தரும் ஒரு துண்டுத்தாளைச் சேர்ப்பது பெரிய செலவன்று. தமிழில் "இது மார்பகப் பரிசோதனைக்கான இலவச அழைப்பு" என்று ஒரே வரி இருந்தால்கூடப் பல உறைகள் பிரிக்கப்படும். நம் சமூக ஸ்தாபனங்களுக்கும் பொறுப்பு உண்டு. செயின்ட் ரெஜி வீதியில் உள்ள திருமுருகன் ஆலயத்துக்குத் திருவிழாக் காலத்தில் வருவோரின் தொகையைக் கண்டவர்கள், அங்கே ஓர் அறிவிப்புப் பலகையில் வயதுக்குரிய பரிசோதனைகளை எழுதி வைத்தால் எத்தனை குடும்பங்களை அது எட்டும் என்பதை எளிதில் உணர்வார்கள். தேவாலயங்களும், தமிழ்ப் பள்ளிகளும், ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடல்களும் இதற்கு ஏற்ற இடங்களே. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைத் தன் வீட்டுக்குள் அடைத்து வைக்காமல், 1954இல் அடையாற்றில் ஒரு புற்றுநோய் நிலையமாகவே எழுப்பிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், நோயைத் தொடக்கத்திலே கண்டுகொள்ளுங்கள் என்று வாழ்நாள் முழுதும் ஓயாமல் சொல்லிவந்த டாக்டர் சாந்தாவும் பிறந்த சமூகம் இது. புற்றுநோய் என்ற பெயரையே உச்சரிக்க அஞ்சி, இறந்தவரின் நோயைக்கூட மறைத்துப் பேசும் வழக்கத்தை நாம் இன்னும் விடாமலிருப்பது அவ்விருவரின் உழைப்புக்கும் பெருமை சேர்ப்பதாகாது. தாய்க்கும் பெரியம்மாவுக்கும் என்ன நோய் இருந்தது என்று அறிந்த மகளுக்கே, எந்தப் பரிசோதனையை எந்த வயதில் தொடங்குவது என்று வைத்தியர் சரியாகச் சொல்ல முடியும். மறைக்கப்பட்ட நோய் அடுத்த தலைமுறையின் காப்பை அழித்துவிடுகிறது.

பரிசோதனை செய்துகொண்டதோடு கடமை தீர்ந்தது என்றும் எண்ணலாகாது. மலத்தில் இரத்தம் உண்டு என்று வந்த பின் குடலின் உட்புறத்தைக் கருவியால் பார்க்கப் போகாதவருக்கு முதற் சோதனையால் பயன் ஒன்றும் இல்லை. மார்பகப் படத்தில் சந்தேகம் என்று திரும்ப அழைத்தபோது அச்சத்தால் போகாதிருப்பவர், போகாமலிருந்த நாளையே நோய்க்குத் தானமாகக் கொடுக்கிறார். திரும்ப அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. இருப்பவர்களுக்கோ, அந்த அழைப்பே சிகிச்சைக்கு ஏற்ற காலம் இன்னும் கையில் இருப்பதன் அறிகுறி. "ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே ஒன்றும் இருக்காது" என்று வாளாவிருப்பதும் கூடாது. முடிவு வந்ததா என்று நாமே கேட்டு அறிந்து, அதன் பிரதி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1986ஆம் ஆண்டு ஆகஸ்டில், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தமிழர் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் மூடுபனியில் மிதந்துகொண்டிருந்தபோது மீனவர்களால் மீட்கப்பட்டு, மொன்றியலுக்கும் டொராண்டோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். அவர்களும், அவர்களுக்கு முன்னும் பின்னும் வேறு வழிகளில் வந்தவர்களும், உயிரைக் காத்துக்கொள்வதற்காகவே கடல் கடந்தவர்கள். அன்று அவர்களைத் துரத்திய ஆபத்தை முன்கூட்டி அறிந்து தடுப்பதற்கு அவர்கள் கையில் ஒரு சாதனமும் இல்லை. இன்று அதே தலைமுறையார் அறுபதையும் எழுபதையும் கடந்துகொண்டிருக்கும் வேளையில் அவர்களை அணுகும் ஆபத்துகளில் பலவற்றை முன்கூட்டி அறியலாம், அறிந்தால் தடுக்கலாம், தடுப்பதற்காகும் செலவையும் இந்த நாடே ஏற்கிறது. ஆகவே இந்த வாரம் முடிவதற்குள் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒரு தாளை எடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயர், வயது, கடைசியாகச் செய்த பரிசோதனை, இனிச் செய்ய வேண்டியது ஆகியவற்றை எழுதுங்கள். எழுதிய பின், தவணை கடந்துபோன முதற் காரியத்துக்கு அன்றைக்கே தொலைபேசியில் நாள் குறியுங்கள். அந்த நாளில், வேலை இருக்கிறது என்று சொல்லாமல், போய் வாருங்கள்.